மூன்று குழாய், மூன்று கம்பி

சகுந்தலா ஒட்டுக் கேட்கிற ரகம் இல்லை. ஆனால் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று புருஷன் போன் பேசினால், காதைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட முடியுமா? அதுவும் பக்தவத்சலத்துக்கு ரகசியம் பேச வராது. வாய்க்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு வழக்கமான சத்தத்திலேயே பேசுவதற்குப் பெயர்தான் ரகசியம் என்று அறுபத்து மூன்று வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிற மனிதர் அவர்.

"கம்பி உள்ளே இருக்கிறவரைக்கும் சரிவராதுங்க. குழாய்ல தாராளமா வழி இல்லை. இழுத்தா மூச்சு முட்டுது... அது நிறுவனத்துக்காரன் வியாபாரத்துக்காக வச்சது, தேவையே இல்லை. இணையத்துல எல்லாரும் எடுத்துடுங்கன்னுதான் சொல்றாங்க... ஆமா, மூணுலயும்தான். மூணு குழாய், மூணு கம்பி. நாளைக்கே எடுத்துடலாம். பார்த்து எடுங்க, உடைஞ்சுடப் போகுது... ஐயையோ, வீட்டுல தெரியவே கூடாது."

சகுந்தலாவின் கையில் பாதி பிழிந்த லுங்கி அப்படியே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரப்பாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறிய பக்தவத்சலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அரைமணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார், முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டார், இரண்டே வார்த்தை சொன்னார். "மூணுலயும் அடைப்பும்மா." அந்த இரண்டு வார்த்தையும் அவர் சொன்ன தொனியும் இன்றைக்கும் சகுந்தலாவின் காதில் இருக்கின்றன. குக்கர் விசில் அடங்கிய அமைதியில் சில நாள் அது திரும்பக் கேட்கும்.

அடைப்பை விரித்து மூன்று ரத்தக்குழாயிலும் ஒவ்வொன்று வைத்தார்கள். ஊரெல்லாம் அதை ஸ்டென்ட் என்கிறது. பக்தவத்சலம் அந்தச் சொல்லைத் தன் நெஞ்சுக்குள் அனுமதிக்கவில்லை. அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர். அங்கிருந்த தமிழ் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர், பொருளாளர், பல சமயம் பார்வையாளரும் அவர் ஒருவர்தான். ஒருமுறை கடையில் போய் கடிகாரத்துக்கு மின்கலம் வேண்டும் என்று கேட்டு, "ஈபி ஆபீஸ் அடுத்த தெருவுல சார்" என்று பதில் வாங்கி வந்தார். அதற்காகத் திருந்திவிட்டாரா என்றால் இல்லை. ஸ்டென்ட்டுக்குத் தமிழில் என்ன என்று ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டே டாக்டரைக் கேட்டாராம். "கம்பி மாதிரி ஒண்ணு சார், கம்பின்னே வச்சுக்குங்க" என்று அந்தப் பாவப்பட்ட மனிதர் சொல்லித் தப்பித்தாராம். அன்றிலிருந்து வீட்டில் அது கம்பி. "எனக்கு நெஞ்சிலே மூணு கம்பி" என்று கல்யாண வீட்டில் கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். "இனிமே வெண்சுருட்டைத் தொட மாட்டேன், சகுந்தலா." சிகரெட்டுக்கு அவர் அகராதியில் அதுதான் பெயர். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொன்னபடி தொடவும் இல்லை.

இப்போது அந்தக் கம்பிகளை எடுக்கப் போகிறாராம். யாரோ எடுக்கிறானாம். உடைந்துவிடுமாம்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து போனை எடுத்துப் பார்த்தாள். கடைசியாகப் பேசிய பெயர்: ஜெபா, மாமல்லபுரம். நம்பரைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். ஜெபா என்றால் பெண்ணா? நர்ஸா? இல்லை, ஜெபம் பண்ணி நோய் தீர்க்கிற இடம் ஏதாவதா? ஜெபத்தில் கம்பி எப்படி வரும், அதற்கு எதற்குப் பார்த்து எடுக்க வேண்டும், உடைகிறது எங்கே வருகிறது? ஒன்றை வைத்து யோசித்தால் இன்னொன்று இடித்தது. அவள் போனை வைத்துவிட்டுச் சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டில் ஓய்வூதியர் சங்க வேலை என்று கிளம்பிப் போவது இரண்டு மாதமாக வழக்கம். அன்றைக்கும் போனார். தடுத்திருக்கலாம். ஆனால் எதைச் சொல்லித் தடுப்பது? ஒட்டுக் கேட்டேன் என்றா? அவர் சங்கத்துக்குத்தான் போகிறாரோ என்னவோ, தான்தான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று வாசலில் நின்று யோசித்து முடிப்பதற்குள் மனிதர் தெருமுனை தாண்டிவிட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வந்ததும் நேராகக் குளியலறைக்குள் போனார். பேருந்துப் புழுதி என்று இரண்டு மாதமாகவே அப்படித்தான். குளித்துவிட்டு வெறும் உடம்போடு வந்தவரைச் சகுந்தலா முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தாள். நெஞ்சில் காயம் இல்லை. மணிக்கட்டில், அன்றைக்கு ஸ்டென்ட் வைக்க ஊசி விட்ட பழைய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"என்ன பார்க்கிறே?"

"ஒண்ணும் இல்லை. உடம்புக்கு எப்படி இருக்கு?"

"அமோகமா இருக்கு," என்றார் அவர், கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டே. "இன்னைக்குத்தான் மூச்சு முழுசா வருது."

 எடுத்துவிட்டார்களா? எடுத்திருந்தால் ரத்தம் எங்கே, கட்டு எங்கே? எடுக்கவில்லை என்றால் மூச்சு எதற்கு இன்றைக்கு முழுசாக வர வேண்டும்?

புதன்கிழமை மகள் சங்கரிக்கு போன் போட்டாள். சங்கரி புனேயில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். எப்போது பேசினாலும் ஏதோ ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில்தான் பேசுவாள்.

"ஏன்டி, உள்ளே வச்ச ஸ்டென்ட்டைத் திரும்ப வெளியே எடுப்பாங்களா?"

"எடுக்கவே முடியாதும்மா. அது உள்ளே ஒட்டிப் போயிடும். ஏன், என்ன ஆச்சு?"

"யாராவது எடுத்தா?"

"எடுத்தா ஆள் இருக்க மாட்டாங்க. அம்மா, நீ எதையோ மறைக்கிறே."

"நான் மறைக்கலை. ஒரு சீரியல்ல வந்துச்சு," என்று சொல்லி வைத்துவிட்டாள். சங்கரியிடம் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து அப்பாவை உலுக்குவாள். உலுக்குகிற உடம்பா அது?

வியாழக்கிழமை காலை, அந்த நம்பருக்குத் தன் போனிலிருந்து பேசினாள். எதிர்முனையில் ஏதோ மெஷின் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆண் குரல் அதற்கு மேலே கத்தியது. "மஹாபலிபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட எறங்கி, சிலை அடிக்கிற பக்கமா வந்து ஜெபான்னு கேளுங்க. யார வேணா கேளுங்க, சொல்லுவாங்க!" மெஷின் சத்தம் இன்னும் அதிகமானது. போன் கட்டாகிவிட்டது. மெஷின் வைத்தா எடுக்கிறார்கள் என்று நினைத்தவள் உடனே புடவை மாற்றப் போனாள்.

பக்கத்துத் தெரு தெய்வநாயகி வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு என்று புருஷனிடம் ஒரு பொய்யைச் சொன்னாள். நாற்பது வருடத்தில் சொன்ன பெரிய பொய் அதுதான். அவர் தலை நிமிராமல், "போயிட்டு வா" என்றார். மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். வழி முழுக்க அந்த ஆளிடம் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். எத்தனை எடுத்தாய் என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றாவது மிச்சம் இருந்தால் காலில் விழுந்தாவது நிறுத்த வேண்டும்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடத்தில் போர்டு இருந்தது. 'ஜெபா லேத் ஒர்க்ஸ். கிரைண்டர், டிரில்லிங் மெஷின் பழுது பார்க்கப்படும். உளி அடித்துத் தரப்படும்.' தகரக் கூரை. இரண்டு பக்கமும் சிற்பக்கூடங்கள். கல் வெட்டுகிற புழுதி வந்து எல்லாவற்றின் மேலும் மாவு போலப் படிந்திருந்தது. உள்ளே புருவம்கூட வெளுத்துப்போன ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து உளி ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரியும் இல்லை, ஜெப வீடும் இல்லை, இரும்புப் பட்டறை. சகுந்தலாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது.

"இன்னாம்மா, அம்மிக்கல்லா? பக்கத்துக் கடைல கேளுங்க."

"ஜெபாங்கறது?"

"எம் பொண்ணு பேரும்மா. நான் ஜான்சன்."

"பக்தவத்சலம்னு ஒருத்தர் இங்கே வர்றாரா?"

"நம்ம தமிழ் சாரா? வருவாரே. வாரத்துல ரெண்டு நாளு. நீங்க யாரு?"

"அவர் வீட்டுக்காரி."

ஜான்சன் சட்டென்று எழுந்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். "குந்துங்கம்மா. சார் வூட்ல தெரியாதுன்னாரே..."

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றாள் ஒன்றுமே தெரியாத சகுந்தலா. "கம்பி எடுத்தீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"எடுத்தாச்சும்மா. செவ்வாக்கெழம ரெண்டு எடுத்தேன். மூணாவதுதான் பேஜாரு பண்ணிகினு கீது."

சகுந்தலா முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரெண்டு போய்விட்டது. "எப்படி... எப்படி எடுத்தீங்க?"

"அது இன்னா பெரிய வேல? லைட்டரால லேசா சூடு காட்டணும். சூட்டுல உள்ளாற பிசுக்கு எளகிக்கும். அப்பால துணிய சுத்தி, கட்டிங் பிளேயர்ல புடிச்சு ஒரு திருகு. வந்துரும்."

"கட்டிங் பிளேயரா?"

"சின்னதுதாம்மா."

"ரத்தம்?"

ஜான்சன் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். "வந்துச்சு, கொஞ்சமா. அத்த போயி சார் சொன்னாராக்கும்? துணி சுத்துனா நின்னுடுச்சு. அத்தெல்லாம் நாங்க கண்டுக்கறதில்ல."

"அவர் கத்தலையா?"

"சார் ஏன் கத்தறாரு? இதே முக்காலில குந்திகினு டீ குடிச்சாரு. பழசு ஜான்சன், பாத்து, ஒடஞ்சுடப் போவுதுன்னு மட்டும் சொல்லிகினே இருந்தாரு. எடுத்தப்பறம் ஒரு இழு இழுத்துப் பாத்துட்டு, ஆகா, இப்பத்தான் ஜான்சன் முழுசா வருதுன்னாரு. எனக்கே மனசு நெறைஞ்சு போச்சு."

இவன் பைத்தியமா, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று சகுந்தலாவுக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து கட்டிங் பிளேயரால் கம்பியை உருவும்போது அந்த மனிதர் டீ குடித்தாராம். ஆனால் சங்கரி சொன்னது காதில் வந்து நின்றது. எடுத்தா ஆள் இருக்க மாட்டாங்க. அவர் காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டார், பேப்பர் படித்தார், போயிட்டு வா என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையா? இப்போது வீட்டில் தனியாக இருக்கிறார். கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருப்பார். யார் உடைத்துத் திறப்பார்கள்? அந்த முக்காலியில் உட்கார்ந்தபடியே அவள் வீட்டுக்குப் போய், கதவை உடைத்து, அவரைத் தரையில் பார்த்து, சங்கரிக்கு போன் செய்து, எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். 

"மூணாவது?" என்றாள் கடைசியில்.

"அது உள்ளாற கரி புடிச்சு எறுகிப்போச்சு. ரெண்டு நாளா ஸ்பிரிட்டுல ஊற வெச்சுக்கீறேன்."

"எதை ஊற வச்சிருக்கீங்க?"

காலையில் ஐந்து இட்லி சாப்பிட்ட மனிதரின் எந்தப் பாகத்தை இரண்டு நாளாக ஊற வைக்க முடியும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஜான்சன் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தான். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பாருங்கம்மா. இதான் சாரோட பைப்பு."

பைப்பு.

கண்ணைத் திறந்தாள். பழுப்பு நிறத் தண்ணீருக்குள் கறுப்பாக ஒரு தண்டு. அதன் நுனியில் அரை விரல் நீளத்துக்கு ஒரு உலோகத் துண்டு. பக்கத்தில் காகிதத்தின் மேல் அந்தத் தண்டுக்குரிய மரக் கிண்ணி. வெள்ளைக்காரர்கள் வாயில் வைத்துப் புகைப்பார்களே, அது.

"பைப்புன்னா... புகை பிடிக்கிற பைப்பா?"

"பின்னே தண்ணி பைப்பா? சாரு கொழா கொழான்னுவாரு. மொத நாளு நானே போர் கொழான்னு நெனச்சுகினு பெரிய ரெஞ்ச எடுத்து வெச்சேன். இது அவரு ஆபீஸ் சிநேகிதரு யாரோ கோபாலகிருஷ்ணனாமே, ஃபாரின்ல இருந்து வாங்கியாந்தது. மூணையும் சாருக்குக் குடுத்துட்டாராம். வாய்ல வெக்கிற தண்டுக்குள்ளாற கம்பெனிக்காரன் ஒரு கம்பிய சொருகிக்கீறான். புகைல வர்ற தண்ணிய புடிக்கறதுக்காம். ஆனா அது இருந்தா இழுக்கறது கஷ்டம். குளுகுளுன்னு சத்தம் வேற, கசப்பு வேற. எடுத்துட்டா புகை தாராளமா வருது."

சகுந்தலா சிரித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் வயிறு வலிக்க. சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. ஜான்சன் பயந்துபோய் எதிர்க்கடையிலிருந்து ஒரு சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தான். அவள் பாதி குடித்தாள். அவர் உயிரோடு இருக்கிறார். கம்பி மூன்றும் நெஞ்சிலேயே இருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவளைவிடச் சந்தோஷமான மனுஷி மாமல்லபுரத்தில் இல்லை.

மீதிச் சோடாவைக் குடிக்கும்போதுதான் அடுத்தது உறைத்தது. புகை தாராளமாக வருகிறது. அப்படியானால் புகைக்கிறார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிடிப்பார்?"

"வந்தா மூணு, நாலு. பின்னால வேப்ப மரத்தாண்ட குந்திகினு நிம்மதியா புடிப்பாரு. கெளம்பறப்ப கிராம்பு போட்டுக்குவாரு. பைப்பு மூணும் இங்கதான் கீது, வூட்டுக்கு எடுத்துக்கினு போறதில்ல."

கிராம்பு. வந்ததும் குளியல். பேருந்துப் புழுதி. ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்கார்ந்தன. வெண்சுருட்டைத் தொட மாட்டேன் என்றுதானே சத்தியம்? தொடவில்லை. சொன்ன சொல் தவறாத உத்தமர்! சோடா பாட்டிலை ணங்கென்று முக்காலிக்குக் கீழே வைத்தாள். ஆனால் செத்துப்போனதாக நினைத்து, உயிரோடு திரும்பக் கிடைத்த மனுஷனிடம் முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. சந்தோஷப்படுவதா, செருப்பைக் கழற்றுவதா என்று அவள் குழம்பினாள்.

"ஜான்சன், எனக்கு ஒரு வேலை செய்யணும். எடுத்த கம்பிக்குப் பதிலா வேற கம்பி போடுங்க. மூணுலயும். திரும்ப யாரும் எடுக்க முடியாதபடி போடணும்."

"பொகை வராதேம்மா?"

"வரக் கூடாது."

ஜான்சன் உளியைக் கீழே வைத்தான். "தப்பும்மா. ஒரு கஸ்டமரு நம்பிக் குடுத்துக்கினு போன பொருளு. அத்த நானே கெடுத்தா தொழிலு இன்னா ஆவறது?"

"அவருக்கு நெஞ்சுல மூணு கம்பி இருக்கு. ரத்தக்குழாய்ல. ரெண்டு வருஷம் ஆகுது. புகைச்சா செத்துடுவீங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார்."

ஜான்சன் அவளைப் பார்த்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். "அப்ப நீங்க கேட்ட கம்பி..." என்று ஆரம்பித்தவன் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் கேட்டதும் தான் சொன்னதும், லைட்டரும் கட்டிங் பிளேயரும் ரத்தமும், வரிசையாக அவன் முகத்தில் ஓடுவது தெரிந்தது.

"ஏசுவே," என்றான். "ஏம்மா, நான் சொல்லச்சொல்ல நீங்க அத்தயா நெனச்சுகினு குந்தியிருந்தீங்க?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அவரு ஒரு வார்த்த சொல்லலியேம்மா. நல்லா பொகை வரணும்னு நானே இல்ல கம்பிய புடுங்கிக் குடுத்துகினு கீறேன்."   அவன் பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினான். கம்பெனிக்காரன் வைத்த கம்பியில் காற்றுப் போக ஒரு வழி இருந்தது. ஜான்சன் கடைந்த மூன்றிலும் வழி என்பதே இல்லை. இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற பசையைத் தடவி, ஒவ்வொரு தண்டிலும் இறுக்கி அடித்தான். ஊறிக்கொண்டிருந்த மூன்றாவதும் அன்றைக்கென்று பார்த்து ஒரே திருகில் கழன்று வந்தது. பழைய கம்பிகள் மூன்றையும் மாத்திரைக் கவரில் போட்டு அவளிடம் கொடுத்தான். கூலி எவ்வளவு என்று கேட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை. பக்தவத்சலம் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு இட்லிக்கு உட்கார்ந்தார். சகுந்தலா எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்னியைத் திரும்பத் திரும்பக் கலக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவர் போன் அடித்தது. அவருக்கு வலது கை முழுக்க மிளகாய்ப் பொடியும் எண்ணெயும். இடது கை சுண்டுவிரலால் தட்டியதில் ஸ்பீக்கர் விழுந்துவிட்டது.

"சார்," என்றது ஜான்சனின் குரல். அழுதுவிடுகிற குரல். "சார், மனச தேத்திக்குங்க சார். மூணுலயும் அடைப்பு சார்."

பக்தவத்சலத்தின் வலது கை, எண்ணெயும் பொடியுமாக, நேராகப் போய் நெஞ்சில் விழுந்தது. வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

சகுந்தலாவும் இதை எதிர்பார்க்கவில்லை. அதே இரண்டு வார்த்தை. அதே தொனி. ஜான்சனுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

"என்ன... என்ன சொல்றீங்க?" என்றார் அவர். உதடு வெளுத்திருந்தது.

"முழுசா அடைச்சுகிச்சு சார். காத்துகூட போவாது."

"எடுக்க முடியாதா?"

"எடுத்தா ஒடஞ்சுடும் சார். முடியாது." லேத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நெஞ்சுல கம்பி கீறத ஏன் சார் எங்கிட்ட சொல்லல? நான் இன்னா பாவம் சார் பண்ணேன்?" என்று சொல்லிவிட்டு ஜான்சன் வைத்துவிட்டான்.

பக்தவத்சலம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுக்கு எப்படி என் நெஞ்சு..." என்று முணுமுணுத்தார். எந்தக் குழாய், எந்தக் கம்பி, எந்த அடைப்பு என்று அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. சகுந்தலா மாத்திரைக் கவரைப் பிரித்து, அவர் காலையில் போடுகிற மாத்திரைகளுக்குப் பக்கத்தில் மூன்று உலோகத் துண்டுகளையும் வரிசையாக வைத்தாள்.

அவர் அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சிறுத்தது.

"வளைகாப்புன்னு சொன்னே."

"நீங்க சங்கம்னு சொன்னீங்க."

"நான் வெண்சுருட்டைத்தானே..." என்று ஆரம்பித்தவர் அவள் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"திங்கட்கிழமை மாடியில நீங்க பேசினதைக் கேட்டேன். மூணு குழாய், மூணு கம்பின்னீங்க. உங்க நெஞ்சுல இருக்கிறதை யாரோ எடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். அதைத் தடுக்கத்தான் போனேன். ரெண்டு எடுத்தாச்சும்மா, கட்டிங் பிளேயர்ல திருகினேன்னு அவன் சொல்றான்."

பக்தவத்சலத்துக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. புரிந்ததும் சிரித்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க," என்றாள் சகுந்தலா. "நேத்து அந்த முக்காலியில உட்கார்ந்துக்கிட்டு அஞ்சு நிமிஷம் நான் உங்களைச் சாகக் கொடுத்துட்டேன். கதவை உடைச்சு உங்களைத் தரையில பார்த்தேன். சங்கரிக்கு போன் போட்டு எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேடினேன். சிரிக்காதீங்க."

சிரிப்பு நின்றது. இட்லி ஆறியது. எண்ணெய்க் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவளும் விடவில்லை.

"இனிமே வெண்சுருட்டு, புகைக்குழாய்..."

"எனக்குப் புரியற பாஷையில சொல்லுங்க. பேர் மாத்திப் பேர் மாத்தித் தப்பிச்சது போதும்."

 "சிகரெட்டு," என்றார். "பீடி. சுருட்டு." கடைசியாக, முப்பத்தைந்து வருடம் பூட்டி வைத்த அலமாரியைத் திறக்கிறவர் போலத் தயங்கி, "பைப்பு," என்றார். "எதையும் தொட மாட்டேன்."

"ஸ்டென்ட்டு. அதையும் சொல்லுங்க."

"அது எதுக்கு?"

"சொல்லுங்க. இனிமே இந்த வீட்டுல கம்பின்னா, மாடியில துணி காயப்போடற கம்பி மட்டும்தான்."

சொன்னார். அவள் எழுந்துபோய் அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கி, நெஞ்சில் பதிந்த ஐந்து விரலையும் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.